தீக்கும் தண்ணீருக்கும் எந்த மென்பொருள்? தைப்பூசக் குறும்படம் செய்யும் மாணவருக்கு ஒரு பதில்

நீங்கள் பினாங்கில் அனிமேஷன் படிக்கும் கடைசி ஆண்டு மாணவர். தைப்பூசத்தை வைத்து நான்கு நிமிடக் குறும்படம் செய்கிறீர்கள். ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பது, தட்டில் கற்பூரம் எரிவது, கடைசியில் மழை பெய்து சந்தில் வெள்ளம் ஓடுவது என்று மூன்று காட்சிகள் உங்களைப் பயமுறுத்துகின்றன. பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருள் ஓரளவு தெரியும், 32 ஜிபி நினைவகமும் 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கணினி இருக்கிறது, கையில் மூன்று மாதம். ஹௌடினி, பிளெண்டருக்குள் இருக்கும் மன்டாஃப்ளோ, எம்பர்ஜென், ஃபீனிக்ஸ் இவற்றில் எது உண்மைக்கு மிக நெருக்கமான தீயையும் தண்ணீரையும் தரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியை அப்படியே எடுத்துப் பதில் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கணினியில், இந்த மூன்று மாதத்துக்குள், எதை வைத்து ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பச் செய்து திருத்த முடியும் என்பதுதான். கோலாலம்பூரில் விளம்பரங்களுக்கும் தொடர்களுக்கும் எஃபெக்ட்ஸ் வேலை செய்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் சிமுலேஷன், அதாவது தீயோ தண்ணீரோ அசைவதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டுவது, எந்த மென்பொருளில் செய்தாலும் நன்றாக வராது. ஏழாவதோ எட்டாவதோதான் கண்ணுக்குப் பிடிக்கும். அந்த எட்டாவது முறைக்கு உங்களை எது சீக்கிரம் கொண்டுபோகிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல மென்பொருள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட நான்கும் அடிப்படையில் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. பாய்மங்களின் ஓட்டத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை, இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, தோராயமாகத் தீர்ப்பதுதான் எல்லாவற்றின் வேலையும். அந்தக் கட்டத்தை வாக்ஸல் என்கிறோம். ஜோஸ் ஸ்டாம் 1999-இல் வெளியிட்ட முறை வந்த பிறகு, கணக்கு நேரத்தில் எவ்வளவு பெரிய அடி எடுத்து வைத்தாலும் வெடித்துச் சிதறாமல் நின்றது. ஆனால் அந்த முறையில் ஒரு குறை உண்டு: புகையின் சுழல்கள் சீக்கிரம் மழுங்கிப்போகும். அதை ஈடுகட்டத்தான் 2001-இல் சுழலைத் திரும்ப ஊட்டும் வழி ஒன்று வந்தது. இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் 'வோர்டிசிட்டி' என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறதே, அதன் வேர் அங்கேதான். தண்ணீருக்குப் பெரும்பாலும் ஃபிலிப் என்ற முறை. துகள்கள் வேகத்தைச் சுமந்து செல்லும். அழுத்தக் கணக்கை மட்டும் கட்டங்களில் போடுவார்கள். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1986-இல் உருவான இந்த முறை, 2005 வாக்கில் அனிமேஷனுக்குள் வந்தது.

இலவசம் என்பதால் மன்டாஃப்ளோ தரத்தில் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் பின்னால் இருப்பவர் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நில்ஸ் தூரேயும் அவர் குழுவும். குறைந்த துல்லியத்தில் ஓட்டிய புகைக்கு மேல் நுண்சுழல்களைச் சேர்க்கும் ஒரு முறையை அவரும் வேறு மூவரும் 2008-இல் வெளியிட்டார்கள். அதற்கு ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பிளெண்டரின் புகை அமைப்பில் 'நாய்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது அல்லவா, அது அந்த வழியில் வந்ததுதான்.

நான்கிலும் உண்மையான எரிதல் நடப்பதில்லை என்பதும் உறுதி. கற்பூரம் எரியும்போது நடக்கும் வேதியியலை இவை கணக்கிடுவதில்லை. எரிபொருள் என்று ஓர் எண் இருக்கும், அது குறையக் குறைய வெப்பம் என்ற எண் கூடும், வெப்பம் மேலே தள்ளும். சூடான புகைக்கு நிறம் கொடுத்தால் தீ. உண்மைத் தீயைக் கணிக்கத் தனி மென்பொருள்கள் உண்டு. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2000-இல் இலவசமாக வெளியிட்ட எஃப்டிஎஸ் அப்படிப்பட்டது. ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகும், வெப்பம் எவ்வளவு ஏறும் என்று பொறியாளர்கள் அதில் பார்ப்பார்கள். உங்கள் குறும்படத்துக்கு அது வேண்டாம். 'உண்மைக்கு நெருக்கம்' என்ற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் அங்கேதான் போய் நிற்பீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அப்படியானால் ஒரு தீ ஏன் நம்பும்படி இருக்கிறது, இன்னொன்று ஏன் இல்லை? பெரும்பாலும் அளவுதான் காரணம். மென்பொருளை விட இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தடையில்லாமல் எரியும் சுடர் மூச்சு விடுவது போல் விட்டுவிட்டு எழும்பும். அது நொடிக்கு எத்தனை முறை எழும்பும் என்பதற்குத் தீ ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: 1.5-ஐ, சுடரின் அடி விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், விட்டம் மீட்டரில். தட்டில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கற்பூரம் எரிகிறது என்றால் நொடிக்கு ஏறக்குறைய 7 முறை. ஒரு மீட்டர் அகல நெருப்பு என்றால் ஒன்றரை முறை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் உங்கள் கற்பூரச் சுடர் மூன்று நான்கு ஃபிரேமுக்கு ஒருமுறை துடிக்க வேண்டும். மாணவர் படங்களில் நான் பார்க்கும் கற்பூரம் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறை மெதுவாக எழும்புகிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் கண் அதை இரண்டு மீட்டருக்கு மேல் அகலமான தீ என்று படித்துவிடும். பின்னால் நிற்கும் ஐயர் பொம்மை போல் ஆகிவிடுவார்.

தண்ணீருக்கும் இதே கதை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து துளி தரைக்கு வர 0.45 நொடி, அதாவது 11 ஃபிரேம். உங்கள் சிமுலேஷனில் அதற்கு 22 ஃபிரேம் ஆகிறது என்றால், நேரம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு என்பதால், தெறித்தது நான்கு மீட்டர் உயரத் தண்ணீராகத் தெரியும். எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் இந்த இரண்டு கணக்கையும் சரிபாருங்கள். பிளெண்டரில் டொமைனின் (சிமுலேஷன் நடக்கும் பெட்டியின்) 'டைம் ஸ்கேல்' எண்ணைக் கூட்டி வேகத்தைச் சரிசெய்யலாம். அதைக் கூட்டும்போது ஒரு ஃபிரேமுக்குள் எடுக்கும் இடைப்படிகளின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள், இல்லையென்றால் சுடர் துண்டு துண்டாகப் பிய்ந்து தெரியும்.

இனி மென்பொருள்களுக்கு வருவோம். கற்பூரக் காட்சிக்கு எம்பர்ஜென்னோ பிளெண்டரோ போதும். எம்பர்ஜென் கிராஃபிக்ஸ் கார்டிலேயே முழுக் கணக்கையும் போடுகிறது. ஸ்லைடரை நகர்த்தினால் சுடர் அந்த நேரமே மாறும். நான் சொன்ன அந்த எட்டாவது முறைக்கு ஒரே மாலையில் போய்விடலாம், தீயைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கிடைத்த சுடரை ஓபன்விடிபி என்ற வாக்ஸல் கோப்பாக எழுதி பிளெண்டருக்குள் கொண்டுவரலாம். ஆனால் அதில் தண்ணீர் கிடையாது. தீ, புகை, தூசி மட்டும். அப்புறம், அது பணம் கட்டி வாங்கும் மென்பொருள். உரிமம் மாணவருக்கு என்ன விலை என்பதை அவர்கள் தளத்திலேயே பாருங்கள், விலைகள் அடிக்கடி மாறுகின்றன.

கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் ஒரு சுவர். ஒரு பக்கத்துக்கு 512 வாக்ஸல் என்று ஒரு கனசதுரம் எடுத்தால் மொத்தம் 13 கோடிக்கு மேல். ஒரு வாக்ஸலுக்கு ஓர் எண் வைத்தாலே அரை ஜிபி. வேகத்துக்கு மூன்று எண், புகை, வெப்பம், எரிபொருள் மூன்று, ஆக 3 ஜிபி. அழுத்தக் கணக்குக்கும் இடைக்கால நகல்களுக்கும் இன்னும் வேண்டும். 8 ஜிபி கார்டு அங்கேயே திணறும். பக்கத்தைப் பாதியாக்கி 256 வைத்தால் எல்லாம் எட்டில் ஒரு பங்கு. ஒரு தட்டுக் கற்பூரத்துக்கு அதுவே தாராளம்.

பிளெண்டரில் செய்தால் மெதுவாக இருக்கும், ஏனென்றால் மன்டாஃப்ளோ கணக்கு மையச் செயலியில் ஓடுகிறது. ஆனால் வேறு எதுவும் வாங்க வேண்டாம், காட்சியில் இருக்கும் கையும் தட்டும் அங்கேயே இருக்கும். ஃபயர் பகுதியில் 'ரியாக்ஷன் ஸ்பீட்' எண்ணைக் குறைத்தால் சுடர் உயரும், கூட்டினால் குட்டையாகும். கற்பூரச் சுடர் உயரமாக, நுனியில் கரும்புகையோடு எரியும். அந்தக் கரியை விட்டுவிட்டால் அது கேஸ் அடுப்புத் தீயாகிவிடும். கணக்கிட்டதை வட்டில் சேமித்து வைக்கும் கேஷின் வகையை 'மாடுலர்' என்று வையுங்கள். அடிப்படை ஓட்டத்தை ஒருமுறை பேக் செய்துவிட்டு (கணக்கிட்டுச் சேமித்துவிட்டு), நாய்ஸை மட்டும் பிறகு மாற்றி மாற்றிப் பார்க்கலாம். 'ரிஸ்யூமபிள்' என்பதையும் தட்டிவிடுங்கள். கேஷ் பெரிதாகும்தான், ஆனால் நம் ஊர் மாலை இடிமழையில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் இரவெல்லாம் ஓட்டியது வீணாகாது.

கூட்டத்தில் தூரத்தில் தெரியும் கற்பூரங்களை ஒவ்வொன்றாகச் சிமுலேட் செய்யாதீர்கள். ஒரு நல்ல சுடரை நீளமாக ஓட்டி, ஒவ்வொரு தட்டிலும் வேறு வேறு ஃபிரேமில் தொடங்க விட்டால் போதும். அதற்கும் முன்னால் ஒரு வேலை: வீட்டில் கறுப்புத் துணிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, கைப்பேசியில் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. அந்த வீடியோதான் உங்களுக்கு ஆசிரியர்.

தேங்காய்க் காட்சிதான் மூன்றிலும் கடினம். வெள்ளத்தை விடக் கடினம். ஏனென்றால் அங்கே தண்ணீர் கொஞ்சம், வேகம் அதிகம், ஓடு மெல்லியது. பினாங்கில் ரதத்துக்கு முன்னால் தெருவில் மலைபோல் குவிந்த தேங்காயை வீசி உடைப்பதை நீங்கள் நேரில் பார்த்து வளர்ந்தவர், நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் கனசதுர டொமைனை ஒரு பக்கத்துக்கு 200 என்று பிரித்தால் ஒரு வாக்ஸல் 5 மில்லிமீட்டர். ஓடும் பருப்பும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்தால் மூன்று வாக்ஸல் தடிமன். அதற்குக் கீழே போனால் தண்ணீர் ஓட்டின் வழியே ஊடுருவி ஒழுகும். தேங்காய் ஓட்டைத் தடிமனாக மாடல் செய்த இன்னொரு நகலை, ரெண்டரில் (இறுதிப் படத்தில்) தெரியாதபடி, மோதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஓடு உடைவதை ரிஜிட் பாடியாக (வளையாத திடப்பொருளாக) முடித்து உறுதி செய்துவிடுங்கள். உடைவையும் தண்ணீரையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பரப்பு இழுவிசை ஸ்லைடரைப் பற்றிப் பலர் கேட்பார்கள். தண்ணீரில் பரப்பு இழுவிசை மேலோங்குவது சுமார் 3 மில்லிமீட்டருக்குக் கீழே. உங்கள் வாக்ஸலே 5 மில்லிமீட்டர். ஆகவே அந்த ஸ்லைடரால் நுண்துளிகள் உண்மையாக உருவாகாது. கட்டத்துக்குக் கீழே நடப்பது கட்டத்துக்குத் தெரியாது. நுண்துளிகளுக்கு 'ஸ்பிரே' துகள்களை எடுத்துத் தனியாகச் சின்ன உருண்டைகளாக ரெண்டர் செய்யுங்கள். மெஷ் அமைப்பில் 'ஸ்பீட் வெக்டர்ஸ்' என்பதைத் தட்டாவிட்டால் மோஷன் பிளர், அதாவது வேகத்தில் வரும் மங்கல், வராது. மோஷன் பிளர் இல்லாத தெறிப்பு கண்ணாடித் துண்டு மாதிரி நிற்கும்.

மன்டாஃப்ளோவின் தண்ணீரில் திருப்தி இல்லையென்றால் பிளெண்டருக்கே 'ஃபிலிப் ஃபுளூயிட்ஸ்' என்று ஒரு துணைநிரல் இருக்கிறது. பணம் கட்டி வாங்க வேண்டும். தண்ணீருக்கு மட்டுமே செய்யப்பட்டது, நுரையும் தூவலும் அதில் கையாள எளிது. என் கணிப்பில் உங்கள் மூன்று மாதத்துக்குப் பணம் செலவழிக்க ஏற்ற ஒரே இடம் இதுதான். இது என் வேலைப் பழக்கத்திலிருந்து வந்த கருத்து. மன்டாஃப்ளோவிலேயே அழகான தண்ணீர் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

ஹௌடினியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், தம்பி. நால்வரில் கை ஓங்கியது அதுதான். 2019-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து, தீக்கும் புகைக்குமான அதன் பைரோ பகுதி, புகை இருக்கும் இடத்தில் மட்டும் கணக்குப் போடுகிறது. காலி இடத்துக்கு நினைவகம் செலவாவதில்லை. தீயின் ஒவ்வொரு எண்ணையும் நடுவில் பிடித்து மாற்றலாம். உடைவு, தண்ணீர், நுரை எல்லாம் ஒரே இடத்தில். படிக்கவும் சொந்தப் பயிற்சிக்கும் அப்ரென்டிஸ் பதிப்பு இலவசம். ஆனால் ரெண்டரில் வாட்டர்மார்க் வரும், அளவுக்கும் வரம்பு உண்டு. இண்டி பதிப்பு ஆண்டு வருமானம் ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்கு. உங்கள் கல்லூரியில் கல்வி உரிமம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எஃபெக்ட்ஸ் வேலைதான் வேண்டும் என்று நீங்கள் தீர்மானித்திருந்தால் ஹௌடினி படித்தே ஆக வேண்டும். பட்டம் வாங்கிய மறுநாளே தொடங்குங்கள். ஆனால் பிளெண்டரில் பழகிய ஒருவர் மூன்று மாதத்தில் ஹௌடினியையும் கற்று, குறும்படத்தையும் முடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படம் பாதியில் நின்றால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

ஃபீனிக்ஸ் நல்ல கருவி. ஆனால் அது 3டிஎஸ் மேக்ஸ் அல்லது மாயா என்ற 3டி மென்பொருள்களுக்குள் வாழ்வது, விரே என்ற ரெண்டர் மென்பொருளோடு சேர்ந்து பழகியது. அந்த வீட்டில் ஏற்கனவே இருப்பவர்களுக்கு அதை விட்டு வெளியே போகத் தேவையில்லை. நீங்கள் அந்த வீட்டில் இல்லை.

இணையத்தில் 'இது அதைவிட இத்தனை மடங்கு வேகம்' என்று வரும் ஒப்பீடுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றில் 200 கட்டம், இன்னொன்றில் 300 கட்டம். ஒன்றில் ஃபிரேமுக்கு ஓர் இடைப்படி, இன்னொன்றில் நான்கு. ஒரு பக்கத்தை இரட்டிப்பாக்கினால் வாக்ஸல் எட்டு மடங்கு, இடைப்படிகளும் இரட்டித்தால் வேலை பதினாறு மடங்கு. இவ்வளவு வித்தியாசம் அமைப்பிலேயே வரும்போது மென்பொருளின் வேகத்தை எங்கே அளப்பது? நீங்களே ஒப்பிட விரும்பினால் டொமைன் அளவு, வாக்ஸல் அளவு, இடைப்படி மூன்றையும் ஒன்றாக வைத்து, ஐம்பது ஃபிரேம் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தோற்றத்தைப் பற்றிய ஒப்பீடு இன்னும் நம்பகமில்லாதது, ஏனென்றால் பாதி அழகு ரெண்டரில் வருகிறது. பிளெண்டர் 4.0-இலிருந்து இயல்பாக இருக்கும் ஏஜிஎக்ஸ் நிறமாற்றத்தில் சுடரின் நடுப்பகுதி வெளுத்து மஞ்சள் ஓரத்தோடு கேமராவில் பிடித்தது போல வரும். 'ஸ்டாண்டர்ட்' அமைப்பில் அதே சிமுலேஷன் ஆரஞ்சு வண்ணம் பூசிய மாதிரி தெரியும். சுடர் சுற்றியிருக்கும் முகங்களில் வெளிச்சம் போடுகிறதா என்பதையும் பாருங்கள்.

வெள்ளத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழச் சந்து என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் வாக்ஸலில் 6,40,000 கட்டம், கட்டத்துக்கு 8 துகள் வீதம் 51 லட்சம் துகள். உங்கள் கணினி தாங்கும். வாக்ஸலைப் பாதியாக்கினால் 4 கோடி துகள். இடமும் வேகமும் மட்டும் எழுதினாலே ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஜிபி வட்டில் போகும், நூறு ஃபிரேமுக்கு 100 ஜிபி. சந்து முழுவதையும் சிமுலேட் செய்யாமல், தூரத்துத் தண்ணீரை அலைகிற தளமாக அனிமேட் செய்து, ரதச் சக்கரத்திலும் வாசற்படியிலும் மோதும் இடத்தை மட்டும் ஃபிலிப்பில் ஓட்டுங்கள். நிறத்தில் தெளிவைத் தேடாதீர்கள். நம் சந்து வெள்ளம் தே தாரிக் பால்தேநீர் போலக் கலங்கித்தான் இருக்கும். அதில் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு: அடியில் இருப்பது தெரியாததால் ரெண்டர் சீக்கிரம் முடியும்.

ஆக, இப்போதைக்கு பிளெண்டரிலேயே இருங்கள். முதல் மாதம் முழுவதையும் தேங்காய்க்குக் கொடுங்கள், கற்பூரத்தை இரண்டாவதாக வையுங்கள், வெள்ளத்தைக் கடைசியில் எடுங்கள். தேங்காயில் தண்ணீர் இன்னும் ஒழுகினால் டொமைன் அளவு, பக்கத்துக்கு எத்தனை பிரிவு, மோதல் ஓட்டின் தடிமன், ஃபிரேமுக்கு எத்தனை இடைப்படி என்ற நான்கு எண்களையும் இங்கேயே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.